தாமதமாக வந்த சாட்சி

கர்ப்பப்பையை அறுத்து வெளியே எடுத்து, துண்டுபோட்டு, மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்த பிறகுதான் அடினோமயோசிஸ் என்ற நோய் ஒரு பெண்ணுக்கு இருந்தது என்று சொல்ல முடியும். மருத்துவம் ஏறக்குறைய நூறாண்டுக் காலம் இந்த நிலையில்தான் இருந்தது. மாதாமாதம் இடுப்பு விட்டுப்போகிறது, எழுந்து நிற்க முடியவில்லை என்று ஒருத்தி இருபது வருடம் சொன்னது நோய்க்கு ஆதாரமாகவில்லை. உறுப்பு உடம்பைவிட்டுப் போனபின் வந்த ஒரு தாள் ஆதாரமானது. அந்தத் தாளால் அவளுக்கு இனி ஆகவேண்டியது எதுவும் இல்லை.

இந்த வரிசைதான் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. கருவி இல்லாத காலத்தில் வேறு வழி இருந்திருக்காது. அதற்காக யாரையும் குறைசொல்ல முடியாது. ஆனால் உள்ளே இருப்பதை உள்ளே இருக்கும்போதே பார்க்கும் கருவிகள் வந்து ஒரு தலைமுறைக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் நம் வீடுகளில் நடப்பது அதே வரிசைதான். முதலில், "பொம்பளைன்னா வலி இருக்கத்தான் செய்யும், பொறுத்துக்கோ." பத்துப் பதினைந்து வருடம் கழித்து, "புள்ளதான் பெத்தாச்சே, எடுத்துப் போட்டுறலாம்." இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவே ஒரு பெண்ணின் நல்ல வயதெல்லாம் கழிந்துபோகிறது. அந்த நடுக்காலத்தில் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. அதைச் செய்யாமலே விடுகிறோம் என்பதுதான் என் ஆதங்கம்.

நீர்க்கட்டி என்றால் இன்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். நார்க்கட்டி, கர்ப்பப்பை இறக்கம் இவையெல்லாம் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்லக்கூடிய நோய்களாகிவிட்டன. அடினோமயோசிஸ் மட்டும் யார் வாயிலும் இல்லை. ஸ்கேன் அறிக்கையில் "பல்க்கி யூட்ரஸ்" என்று ஒரு வரி இருக்கும். கேட்டால், கர்ப்பப்பை கொஞ்சம் வீங்கியிருக்கிறது என்பார்கள். ஏன் வீங்கியது என்று கேட்க அந்தப் பெண்ணுக்குத் தோன்றாது; வரிசையில் அடுத்தவர் நின்றுகொண்டிருப்பார்.

கர்ப்பப்பையின் உட்புறத்தில் இருக்கும் படலம் ஈஸ்ட்ரோஜனின் தூண்டுதலால் மாதந்தோறும் தடிக்கிறது. கரு தங்காதபோது உரிந்து ரத்தத்தோடு வெளியேறுகிறது. அந்தப் படலத்துக்குப் பின்னால் இருப்பது கனத்த தசை. குடலில் உட்படலத்துக்கும் தசைக்கும் இடையே தனியாக ஓர் அடுக்கு உண்டு. கர்ப்பப்பையில் அது கிடையாது. படலம் நேராகத் தசையின்மேல் படிந்திருக்கிறது. அடினோமயோசிஸில் படலத்தின் சுரப்பிகளும் அவற்றைச் சுற்றிய திசுவும் தசைக்குள் இறங்கிவிடுகின்றன. இறங்கிய இடத்திலும் அவை தங்கள் வேலையை மறப்பதில்லை. ஹார்மோன் அழைக்கும்போது தடிக்கின்றன, வெளியேற வழியில்லாத இடத்திலேயே கசிகின்றன. சுற்றியிருக்கும் தசை அதற்கு எதிர்வினையாகத் தடித்து, கர்ப்பப்பை மொத்தமும் பருத்து உருண்டு போகிறது. சாதாரணமாகத் தசை சுருங்குவதும் போக்கை மட்டுப்படுத்த உதவும். இங்கே அந்தச் சுருக்கமே ஒழுங்கு குலைந்திருக்கிறது. அதனால் கட்டிகட்டியாகப் போகிறது, நாட்கணக்கில் நீள்கிறது. புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள்கள் கூடுதலாகச் சுரந்து வலியை ஏற்றுகின்றன. இது புற்றுநோய் அல்ல. உயிரைப் பறிப்பதும் அபூர்வம். அதனாலேயே இதை யாரும் அவசரமாக எடுத்துக்கொள்வதில்லை.

ஏன் இறங்குகிறது? உறுதியான ஒற்றை விடை இல்லை. படலத்துக்கும் தசைக்கும் இடையிலான எல்லை காயப்பட்டு, ஆறி, மறுபடி காயப்பட்டு, அப்படி ஆறும்போதே திசு உள்ளே நுழைகிறது என்பது ஒரு கருத்து. கருவாக இருந்த காலத்தில் கர்ப்பப்பையை உருவாக்கிய செல்களில் சில தசைக்குள் மிச்சமிருந்து பின்னால் இப்படி உருமாறுகின்றன என்பது இன்னொன்று. பல பிரசவங்கள், கருக்கலைப்புக்குப்பின் "சுத்தம் பண்ணுவது", சிசேரியன் ஆகியவற்றோடு இந்த நோய்க்குத் தொடர்பு இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. அந்தத் தொடர்பு எவ்வளவு வலுவானது என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆனாலும் ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் ஏறக்குறைய 45 சிசேரியன் என்பதை வைத்துப் பார்க்கும்போது, இந்தக் கேள்வியை நம் மாநிலம் மற்றவர்களைவிட அக்கறையாகக் கேட்கவேண்டும் என்று நினைக்கிறேன்.

நோயியல் துறையில் வேலைபார்க்கும் தோழி ஒருத்தியின் ஆய்வகத்தில் இதைக் கண்ணால் பார்த்தேன். ஃபார்மலின் நெடி கண்ணை எரித்தது. நார்க்கட்டி உள்ள கர்ப்பப்பையை முதலில் காட்டினாள். கத்தி பட்டதும் கட்டி தனியாகத் துருத்திக்கொண்டு வெளியே வந்தது. விரலால் நெம்பினால் கழன்று வந்துவிடும் போலிருந்தது. பிறகு அடுத்ததை எடுத்தாள். அதில் கட்டி என்று எதுவும் இல்லை. சுவர் மட்டும் இரண்டு மடங்கு தடித்திருந்தது. வெட்டிய பரப்பில் தசைநார்கள் குறுக்கும் நெடுக்கும் ஓட, அவற்றுக்கிடையே குண்டூசி முனை அளவில் பழுப்புப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் வெளியேற வழியின்றித் தேங்கிப்போன பழைய ரத்தம். எங்கே நோய் தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியவில்லை. சுவரில் ஏறிய ஓதத்தைச் சுரண்டி எடுக்க முடியாததுபோல, சுவரைவிட்டு இதைப் பிரிக்க முடியாது. நார்க்கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கர்ப்பப்பையை விட்டுவைப்பதைப்போல இதில் எளிதாகச் செய்ய முடியாததன் காரணம் அந்த மேசையில்தான் எனக்குப் புரிந்தது.

உறுப்போடு ஒரு சீட்டும் வந்திருந்தது. வயது 38, குழந்தைகள் இரண்டு, கு.க. (குடும்பக் கட்டுப்பாடு) செய்தவர், டி.யு.பி. அவ்வளவுதான். காரணம் தெரியாத உதிரப்போக்கு என்பதற்கு ஆஸ்பத்திரியில் எழுதும் சுருக்கெழுத்து அந்தக் கடைசி மூன்றெழுத்து. தோழி சீட்டை என்னிடம் நீட்டி, "வலின்னு எங்கயாவது எழுதியிருக்கா பாரு" என்றாள். இல்லை.

1860-ல் வியன்னாவில் கார்ல் ஃபான் ரோகிடான்ஸ்கி, கர்ப்பப்பைத் தசைக்குள் சுரப்பிகள் இருப்பதை எழுதியதிலிருந்துதான் இந்த நோயின் சரித்திரத்தைத் தொடங்குவது வழக்கம். அவர் பிணக்கூறு ஆய்வில் வாழ்நாளைக் கழித்தவர். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் தாமஸ் கல்லன், திசுவைத் தொடர்ச்சியாகச் சீவிச் சீவிப் பார்த்து, தசைக்குள் இருப்பது கர்ப்பப்பையின் உட்படலத்திலிருந்தே இறங்கி வந்தது என்று காட்டினார். 1908-ல் இதற்கென்றே ஒரு முழுப் புத்தகம் எழுதினார். அடினோமயோசிஸ் என்ற பெயரை 1925-ல் வைத்தவர் ஆஸ்கர் ஃபிராங்கிள், அவரும் வியன்னாக்காரர்தான். மூவரும் பெரிய உழைப்பாளிகள். மூவருக்கும் கிடைத்தது உடலைவிட்டு வந்த உறுப்பு.

இதன் விளைவு பாடப்புத்தகங்களில் நெடுங்காலம் தங்கிவிட்டது. அடினோமயோசிஸ் நாற்பதைத் தாண்டிய, பல பிள்ளை பெற்ற பெண்களின் நோய் என்று ஒரு சித்திரம் எழுதப்பட்டது. யாருடைய கர்ப்பப்பை ஆய்வகத்துக்கு வந்ததோ அவர்களைப் பார்த்து எழுதிய சித்திரம் அது. இருபத்தைந்து வயதுப் பெண்ணின் கர்ப்பப்பையை யாரும் எடுக்கமாட்டார்கள். ஆகவே இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு இந்த நோய் இல்லை. பிள்ளை இல்லாதவளின் கர்ப்பப்பையை எடுக்கத் தயங்குவார்கள். ஆகவே அவளுக்கும் இல்லை. அறுவைக்கூடத்து வாசலில் யாரை உள்ளே விடுவது என்று எடுத்த முடிவு, நோய் யாருக்கு வரும் என்ற அறிவாக மாறிப்போயிற்று. 1972-ல் பேர்ட் என்பவரும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வு இதே கோளாறை வேறொரு பக்கத்திலிருந்து காட்டியது. எடுக்கப்பட்ட கர்ப்பப்பைகளில் வழக்கமாகச் சீவும் துண்டுகளை மட்டும் பார்த்தபோது 31 சதவீதத்தில் நோய் தெரிந்தது. அதே கர்ப்பப்பைகளில் கூடுதலாகச் சில துண்டுகள் சீவிப் பார்த்தபோது அது 60 சதவீதத்தைத் தாண்டியது. கண்ணாடித் தகட்டில் இருக்கும்போதே தேடினால்தான் கிடைக்கிறது என்றால், தேடாத இடத்தில் இல்லையென்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

1980களில் எம்.ஆர்.ஐ. வந்தது. படலத்துக்கும் தசைக்கும் இடையிலான எல்லைப் பட்டை அதில் தனியாகத் தெரிந்தது. அது 12 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருந்தால் அடினோமயோசிஸ் என்று சந்தேகிக்கலாம் என்ற அளவுகோல் உருவாயிற்று. யோனி வழியாகச் செய்யும் அல்ட்ராசவுண்டு ஸ்கேன் அதைவிட மலிவு, அதைவிடப் பரவலாகக் கிடைப்பது. உருண்டு பருத்த கர்ப்பப்பை, ஒரு சுவர் மற்றதைவிடத் தடித்திருப்பது, தசைக்குள் சிறுசிறு நீர்ப்பைகள், விசிறி விரித்தாற்போல் விழும் நிழல் என்று எவற்றைத் தேடவேண்டும் என்பதற்கு ஒரு பொதுவழிமுறை 2015-ல் வெளியானது; 2022-ல் திருத்தப்பட்டது. இப்போது இருபதுகளில் இருக்கும் பெண்களிடமும், குழந்தைக்காகச் சிகிச்சைக்கு வரும் பெண்களிடமும் இது தென்படுகிறது. நோய் புதிதாக இளம் பெண்களிடம் பரவவில்லை. இப்போதுதான் அவர்களை யாரோ பார்க்கிறார்கள்.

பார்ப்பது என்றேன், கேட்பது அதற்கு முன்னால் நடக்கவேண்டியது. எவ்வளவு போனால் அதிகம் என்பதற்கு மருத்துவம் ஒரு கணக்கு வைத்திருந்தது. 1960களில் ஸ்வீடனின் கோதன்பர்க் நகரில் பெண்கள் பயன்படுத்திய பஞ்சுகளைச் சேகரித்து ரத்தத்தை அளந்தார்கள். அதையொட்டி, ஒரு மாதவிலக்கில் 80 மில்லிலிட்டருக்கு மேல் போனால் அதிகம் என்ற எல்லை நிலைபெற்றது. ஆய்வகத்துக்கு வெளியே யாராலும் அப்படி அளக்க முடியாது. ஆகவே எத்தனை பேடு மாற்றினாய் என்று கேட்கத் தொடங்கினார்கள். 2007-ல் பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டு நெறிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு இந்த எண்ணை ஒதுக்கிவைத்தது. ஒரு பெண்ணின் உடல், மனம், குடும்பம், வேலை ஆகியவற்றைக் குலைக்கும் அளவுக்குப் போனால் அதுவே அதிக உதிரப்போக்கு என்று வகுத்தது. அதாவது, அவள் சொன்னால் போதும். மருத்துவ வரையறைகளில் எனக்கு மிகவும் பிடித்த வரையறை இதுதான்.

நம் ஊரில் அது இன்னும் வந்துசேரவில்லை. வெளிநோயாளர் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒரு அம்மாவிடம், "ஒரு நாளைக்கு எத்தனை பேடு?" என்று கேட்டார்கள். அவர் விழித்தார். "துணிதாங்க வைக்கிறது. நனைய நனைய அலசிப்போட்டு மாத்திக்குவேன்" என்றார். அதற்குமேல் என்ன கேட்பது என்று கேட்டவருக்கும் தெரியவில்லை. ராத்திரியில் எத்தனை முறை எழுந்திருக்கிறீர்கள், பாய் நனைகிறதா, அந்த நாட்களில் வேலைக்குப் போகிறீர்களா, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அந்த அம்மா நிறையச் சொல்லியிருப்பார். சத்து மாத்திரை எழுதித்தரப்பட்டது. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. "ரத்தம் ஏழுதான் இருக்கு" என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறோம், இருக்கவேண்டியது பன்னிரண்டு. முருங்கைக்கீரை சாப்பிடு, பேரீச்சை சாப்பிடு, வாழைப்பூவை மோரில் அரைத்துக் குடி என்கிறோம். நல்ல உணவுகள், சாப்பிடட்டும். ஆனால் ஏறுவது ஏன் தங்கவில்லை, மாதாமாதம் எந்த வழியாக இறங்கிப்போகிறது என்றும் கேட்கவேண்டும்.

மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப்பிரிவில் வேலைசெய்யும் பெண்ணொருத்தி எங்கள் தெருவில் இருந்தாள். காலை ஒன்பதரைக்கு ஏறினால் இரவு ஒன்பதுக்குத்தான் இறங்குவாள். அந்த நாட்களில் இரண்டு உள்பாவாடை உடுத்துவாள், இரண்டும் அடர்ந்த கறுப்பு. சீருடைச் சேலையின் முந்தானையைப் பின்பக்கமாக இழுத்து இடுப்பில் செருகிக்கொள்வாள். கேட்டால் வேலைக்கு வசதி என்பாள். தண்ணீர் குடிக்கமாட்டாள், கழிப்பறைக்குப் போய்வர மேற்பார்வையாளரிடம் சொல்லவேண்டும் என்பதால். பெட்டியிலிருந்து ஐம்பது சேலை எடுத்து விரித்துக் காட்டிவிட்டு மறுபடி மடிக்கும்போது அடிவயிற்றில் கை வைத்து ஒரு நிமிடம் அப்படியே நிற்பாளாம். 2021-ல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, பணியாளர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். நாற்காலி வந்ததா என்று கேட்டேன். "வந்துச்சுக்கா. அதுல கஸ்டமர் உக்காந்திருப்பாங்க" என்றாள். சட்டம் இயற்றியவர்களை நான் மனதாரப் பாராட்டுகிறேன். அது நடப்பில் இருக்கிறதா என்று கடைக்குப் போகும் நாம் பார்க்கலாம்.

வலியை நம்பாமல் போவது படிக்காதவர்களுக்கு மட்டும் நேர்வதல்ல. ஆங்கில நாவலாசிரியை ஹிலரி மான்டெலுக்கு இருந்தது எண்டோமெட்ரியோசிஸ்; அதே படலம் கர்ப்பப்பைக்கு வெளியே வளரும் நோய், அடினோமயோசிஸின் நெருங்கிய உறவு. மாணவியாக இருந்தபோதே வலியோடு மருத்துவரிடம் போனார். மனநோய் என்று முடிவுகட்டி அதற்கான மருந்துகளைக் கொடுத்தார்கள். அந்த மருந்துகள் அவரை மேலும் சீரழித்தன. பிறகு போட்ஸ்வானாவில் வசித்தபோது ஒரு மருத்துவப் பாடநூலைப் படித்துத் தன் நோயைத் தானே கண்டுபிடித்தார். லண்டனில் அறுவைசிகிச்சை நடந்தபோது அவருக்கு 27 வயது. கர்ப்பப்பையும் சூலகங்களும் போயின. 2003-ல் வெளிவந்த தன் நினைவுக்குறிப்பு நூலில் இதையெல்லாம் எழுதியிருக்கிறார். சொற்களை அவ்வளவு துல்லியமாகக் கையாண்ட ஒருவரின் சொல்லே நம்பப்படவில்லை என்றால், "ஒரு மாதிரி இழுக்குது டாக்டர்" என்று சொல்ல மட்டுமே தெரிந்த பெண்ணின் கதி என்ன?

நடுக்காலத்தில் என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். மெஃபனமிக் அமிலம் போன்ற வலிமாத்திரைகள் புரோஸ்டாகிளாண்டின் சுரப்பதையே தடுப்பவை. ஆகவே வலி உச்சத்துக்குப் போனபிறகு போடுவதைவிட, தொடங்கும்போதே சாப்பாட்டுக்குப்பின் போடுவது பலன் தரும். "மாத்திரை போட்டுப் பழகினா பிள்ளை நிக்காது" என்று சொல்லி வயசுப்பெண்களை வலியோடு சுருண்டு கிடக்கவிடும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. ஒவ்வொரு மாதமும் நாலு நாள் இந்த மாத்திரை போட்டதால் ஒருத்திக்குக் குழந்தை இல்லாமல் போய்விடாது. போக்கு அதிகமுள்ள நாட்களில் மட்டும் எடுக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் ரத்தப்போக்கைக் குறைக்கும். ரத்தக்குழாயில் உறைவு வந்த சரித்திரம் இருப்பவர்களுக்குக் கூடாது. டயனோஜெஸ்ட் தினம் ஒன்றாக மாதக்கணக்கில் எடுக்கும் மாத்திரை. வலியை நன்றாகக் குறைக்கிறது. தொடக்கத்தில் ஒழுங்கில்லாமல் திட்டுத்திட்டாகப் படும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் பயந்து நிறுத்திவிடுவார்கள்.

இவற்றில் நான் அதிகம் பேச விரும்புவது லெவோனார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோனை வைத்த கர்ப்பப்பைச் சாதனத்தைப் பற்றி. பின்லாந்தில் உருவாகி 1990-ல் அங்கே விற்பனைக்கு வந்தது. 52 மில்லிகிராம் மருந்தைத் தாங்கிய சின்னஞ்சிறு கருவி. தொடக்கத்தில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 20 மைக்ரோகிராம் கசியவிடும். மருந்து தேவைப்படும் இடத்திலேயே போய் வேலைசெய்கிறது. படலம் மெலிந்து, போக்கு பெரிதும் குறைந்து, பலருக்கு மாதவிலக்கே நின்றுவிடுகிறது. வலியும் இறங்குகிறது. முதல் சில மாதங்கள் விட்டுவிட்டுப் படலாம். கர்ப்பப்பை மிகவும் பருத்திருந்தால் சிலருக்கு நழுவி வெளியே வந்துவிடுவதும் உண்டு. அப்படியும், ஐந்து ஆண்டுகளுக்கு ஒருத்தியைக் கத்தியிலிருந்து காப்பாற்றக்கூடிய ஒன்று. ஆனால் இதைச் சொன்னதும் நம் பெண்கள் மறுப்பார்கள். அவர்கள் அறிந்தது காப்பர் டி. அதைப் போட்டால் போக்கு கூடும், இடுப்பு வலிக்கும் என்று அக்காவோ சித்தியோ பட்ட பாட்டைக் கண்ணால் கண்டிருக்கிறார்கள். அந்தப் பயம் மூடநம்பிக்கை அல்ல. காப்பர் டி உண்மையாகவே சிலருக்குப் போக்கைக் கூட்டும். இரண்டும் பார்க்க ஒரேமாதிரி இருந்தாலும் செய்யும் வேலை நேரெதிர் என்பதை உட்காரவைத்து விளக்க யாருக்கும் நேரமில்லை. விலையும் சில ஆயிரம் ரூபாய். காப்பர் டி அரசு மருத்துவமனையில் இலவசம். இதுவும் தேவைப்படும் எல்லாருக்கும் அப்படிக் கிடைக்கவேண்டும். ஒரு பெரிய அறுவைசிகிச்சைக்கும் அதற்குப்பின் ஆறு வார ஓய்வுக்கும் ஆகும் செலவோடு வைத்துப் பார்த்தால் அரசுக்கு இது நட்டமே இல்லை.

தற்காலிகமாக மாதவிலக்கை நிறுத்திவைக்கும் ஊசிகள் உண்டு. எலும்பு தேயும் என்பதால் நெடுநாள் தனியாகப் போடமுடியாது. கர்ப்பப்பைக்குப் போகும் ரத்தக்குழாயை அடைப்பது, ஒலி அலைகளைக் குவித்துத் திசுவைச் சுடுவது, ஜப்பானில் ஹிசாவோ ஒசாடா வகுத்த முறையில் நோயுற்ற தசையை அகற்றிவிட்டுச் சுவரை மடிப்பு மடிப்பாகத் தைத்துக் கர்ப்பப்பையைக் காப்பாற்றுவது என்று வேறு வழிகளும் இருக்கின்றன. இவை பெருநகரங்களில், கைதேர்ந்த சிலரிடம் மட்டும் கிடைப்பவை. குழந்தை வேண்டும் என்று இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு; அவர்கள் மகப்பேற்று மருத்துவரோடு தனியாகப் பேசியே முடிவெடுக்கவேண்டும்.

கர்ப்பப்பையை எடுப்பதே தவறு என்று நான் சொல்லவரவில்லை. என் மதினி பதினோரு வயதுப் பையனும் கல்லூரி போகும் மகளும் இருக்கும்போது, 44 வயதில் எடுத்துக்கொண்டார். அதற்குமுன் எத்தனையோ வருடம் அவர் என் அண்ணனோடு ஒரு கல்யாணத்துக்குக்கூட நாள் பார்க்காமல் போனதில்லை. அறுவைக்குப்பின் மூன்றாவது மாதம் வெள்ளைப் பூப்போட்ட சேலை ஒன்று எடுத்தார். நோயியல் அறிக்கை வந்த அன்று என்னிடம் நீட்டி, "இதுல என்ன போட்டிருக்கு, வாசிச்சுச் சொல்லு" என்றார். அடினோமயோசிஸ் என்று போட்டிருக்கிறது மதினி என்று சொல்லி, அது என்ன என்றும் சொன்னேன். கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப நெசமாவே உள்ள ஏதோ இருந்திருக்கு" என்றார். வலித்ததை அவரே நம்பாமல் ஆகிப்போயிருந்தார். எடுத்ததில் அவருக்கு வருத்தமில்லை. பத்து வருடம் யாரும் பெயர் சொல்லவில்லை என்பதில்தான் வருத்தம்.

முழுமையான தீர்வு இன்றுவரை அறுவைசிகிச்சைதான்; அதைத் தெரிந்து, யோசித்துத் தேர்ந்தெடுக்கும் பெண்ணுக்கு அது விடுதலை. அஞ்சவேண்டியது தேர்வே இல்லாமல் நடப்பதற்கு. தேசியக் கணக்கெடுப்புகளில் 15 முதல் 49 வயதுக்குள்ளேயே கர்ப்பப்பை எடுக்கப்பட்டவர்கள் நாட்டில் சுமார் 3 சதவீதம். ஆந்திராவில் அது 9 சதவீதத்தை ஒட்டியிருக்கிறது. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப்போகும் பெண்கள் பெருமளவில் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டது 2019-ல் வெளிச்சத்துக்கு வந்தது. ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் அபராதம் என்ற ஏற்பாட்டில், மாதவிலக்கே ஒரு கடனாகிவிட்டிருந்தது. மருத்துவர் நரேந்திர குப்தா தொடுத்த பொதுநல வழக்கில், தேவையற்ற கர்ப்பப்பை நீக்கத்தைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை மாநிலங்கள் நடைமுறைப்படுத்தவேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. கர்ப்பப்பையோடு சூலகங்களையும் "எதுக்கு வச்சுக்கிட்டு" என்று சேர்த்து எடுத்துவிடும் வழக்கத்தையும் இங்கே சொல்லவேண்டும். முப்பத்தைந்து வயதில் சூலகங்களை இழப்பவளுக்கு மறுநாளே மாதவிடாய் நின்றுபோன உடம்பு வந்துவிடுகிறது. எலும்பும் இதயமும் அதற்கு விலை கொடுக்கின்றன. அடினோமயோசிஸுக்காகக் கர்ப்பப்பையை எடுக்கும்போது, சூலகங்கள் நன்றாக இருந்தால் பெரும்பாலும் அவற்றைத் தொடவேண்டியதில்லை.

ஒரு பெண் பெரியவளானால் மைக் கட்டி, பந்தல் போட்டு, தாய்மாமன் சீர் வைத்து ஊருக்குச் சொல்கிறோம். அம்பையின் "அம்மா ஒரு கொலை செய்தாள்" தொடங்கி, முதல் மாதவிலக்கைப் பற்றிப் பேசும் இலக்கியமும் நம்மிடம் உண்டு. அதே உடம்பு நாற்பது வயதில் கட்டிகட்டியாக ரத்தம் இழக்கும்போது அதற்குச் சடங்கும் இல்லை, எழுத்தும் அநேகமாக இல்லை. தொடக்கத்தை ஊரறியச் செய்தவர்கள் நடுவையும் முடிவையும் கேட்கக் கடமைப்பட்டவர்கள்.

மாதவிடாய் நின்றபின் இந்த நோய் பெரும்பாலும் அடங்கிவிடும். இன்னும் சில வருடம் தாண்டிவிட்டால் போதும் என்று தெரிந்தாலே மருந்தோடு சமாளித்துக் கத்தியைத் தவிர்க்கும் பெண்கள் இருக்கிறார்கள். ஆகவே ஸ்கேன் அறிக்கையில் கர்ப்பப்பை பருத்திருக்கிறது என்று இருந்தால், ஏன் பருத்திருக்கிறது, அடினோமயோசிஸா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். ஹீமோகுளோபின் பாருங்கள். எடுத்துவிடலாம் என்று சொன்னால் இன்னொரு மருத்துவரிடமும் காட்டுங்கள். சூலகங்களை என்ன செய்யப்போகிறீர்கள் என்று கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேளுங்கள். கணவன்மார்கள் கூடப் போகவேண்டும், போனால் வெளியே நிற்காமல் உள்ளே வந்து உட்கார வேண்டும். மருத்துவர்களிடம் கேட்பது ஒன்றுதான். எத்தனை வருடமாக வலிக்கிறது என்று கேளுங்கள். அவள் சொல்லும் பதிலைச் சீட்டில் எழுதுங்கள்.